மூச்சக்கா போட்ட கோடு

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை விடுவார்கள். எதையும் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் பத்தொன்பது வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... விடாதீங்க, விடாதீங்க... ம், இப்ப விடுங்க" என்று மைக்கில் சொல்லிச் சொல்லியே அவள் மூச்சக்கா ஆனாள். வீட்டிலும் அதே பாட்டுத்தான். கணவருக்கு முதுகில் மருந்து தேய்த்தாலும் "மூச்சை இழுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அவரும் இழுப்பார். இழுக்காமல் இருந்து பார்த்தவருக்குத்தான் அந்தக் கையின் பலம் தெரியும்.

நோயாளிகளைப் படுக்கையிலிருந்து ஸ்கேன் மேசைக்கும், மேசையிலிருந்து படுக்கைக்கும் தூக்கித் தூக்கி வலது தோள் போயிற்று. இனி கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அதே ஆஸ்பத்திரி வளாகத்தின் நாலாவது மாடியில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஜன்னல் இல்லாத அறை, மூன்று மேசைகள், மேசைக்கு ஒரு பெரிய திரை, அதில் எழுத ஒரு பேனா. ஏ.சி. எப்போதும் நடுங்க வைக்கும். அவள் வேலை கோடு போடுவது.

சும்மா கோடு இல்லை. ஸ்கேன் எந்திரம் ஒரு ஆளின் வயிற்றை ரொட்டித் துண்டு போலக் குறுக்குவாட்டில் நானூறு படங்களாக எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு துண்டிலும் கல்லீரல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்குள் எந்த ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று பேனாவால் ஓரம் பிசகாமல் வரைய வேண்டும். நானூறையும் ஒரு புரோகிராம் அடுக்கி, வண்ண வண்ணமாக ஒரு முழு உருவம் செய்துவிடும். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் கத்தியைத் தொடும் முன்னால் அந்தக் கல்லீரலைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஆராய்ச்சி அளவில்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு டாக்டரம்மா மட்டும் நம்பி வாங்கிப் பார்த்து வந்தார்.

இதையெல்லாம் முதல் மாதம் அவள் வீட்டில் விளக்கியபோது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் உதட்டைப் பிதுக்கினார். "அடேங்கப்பா! நம்ம பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்ல கோட்டுக்கு வெளிய போகாம கலர் அடிச்சப்ப ஒருத்தனும் சம்பளம் குடுக்கலையே!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூச்சக்காவும் சிரித்தாள், ஆனால் அன்றைக்கு அவருக்கு இரண்டாவது டீ கிடைக்கவில்லை.

ஆராய்ச்சிக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். படித்த மனிதர், நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். ஆனால் எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்பு. ஏ.சி.யைக் குறைக்கலாமா, எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகலாம், எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கச் சொல்வார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் மெஜாரிட்டி. கோடு போடுவதிலும் அவர் வைத்திருந்த விதி அதுதான். ஒரே ஸ்கேனை மூன்று பேரும் தனித்தனியாக வரைய வேண்டும். இரண்டு பேர் வரைந்தது நிற்கும். ஒருவர் மட்டும் வரைந்தது கைத்தவறு என்று அழிந்துவிடும். போதாததற்கு, மற்றவர்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று ஆளுக்கு ஒரு மதிப்பெண் வேறு. தொடர்ந்து மூன்று மாதம் எண்பதுக்குக் கீழே போனால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. யாருக்கும் பெயர் கிடையாது. அறிக்கையில் மூச்சக்கா வெறும் குறிப்பாளர் மூன்று.

குறிப்பாளர் மூன்றுக்கு ஏற்கெனவே இரண்டு மாதம் எண்பதுக்குக் கீழே. மற்ற இருவரும் மோசமானவர்கள் இல்லை, கண்ணுக்குத் தெரிவதை ஒழுங்காக வரைகிறவர்கள்தான். இவளுக்குத்தான் அவர்களுக்குத் தெரியாதது தெரிந்து தொலைக்கும். மூன்றாவது மாதத்தின் கடைசி ஸ்கேன், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இருபத்தேழு வயதுப் பெண். அண்ணனுக்குத் தன் கல்லீரலில் பாதியைக் கொடுக்கப் போகிறாள். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை.

காலையிலிருந்து வரைந்துகொண்டே வந்தவள் 213-வது துண்டில் பேனாவை நிறுத்தினாள். முந்தைய துண்டில் இருந்த கல்லீரல் ஓரம் இதில் சட்டென்று தள்ளியிருந்தது. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று இறங்க வேண்டிய ஓரம் அந்த இடத்தில் மட்டும் படி வைத்து இறங்கியது.

"மூச்சை விட்டுட்டா இந்தப் பொண்ணு" என்றாள் சத்தமாக.

பாதியில் மூச்சை விட்டால் உள்ளே கல்லீரல் நகர்ந்துவிடும். எந்திரத்துக்கு அது தெரியாது. அது பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டே போகும். அந்த இடத்தில் மெல்லிய குழாய் ஒன்று இருந்தால், அது முழுதாக வராமல் இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று சிதறிப்போகும். மூச்சக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இருந்தது. கல்லீரலின் அடிப்பக்கத்திலிருந்து பின்னால் போகும் பெரிய ரத்தநாளத்துக்கு நேராக ஒரு தனிக்குழாய். எல்லாருக்கும் இருக்காது, சிலருக்கு இருக்கும். இருப்பது தெரியாமல் கல்லீரலைத் தூக்கினால் பிய்ந்துவிடும். அப்புறம் ரத்தம் நிற்காது. அவள் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டாள்.

சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் தலைவர் வந்து மூன்று பேரின் கோடுகளையும் ஒப்பிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பாவம், அவருக்கும் சங்கடம்தான்.

"அக்கா, இந்தக் குழாயை நீங்க மட்டும்தான் போட்டிருக்கீங்க. ரேடியாலஜி ரிப்போர்ட்லயும் இல்ல. இதை அழிச்சுட்டா உங்களுக்கு எண்பத்தொண்ணு வருது. வெச்சா எழுபத்தொன்பது. எப்படியும் புரோகிராம் அதைத் தூசின்னு துடைச்சுடும். நீங்களே அழிச்சுடுங்களேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் வேலை நிலைக்கும். மகளின் கல்லூரிக் கடைசி வருஷம் மனசில் வந்து போனது. தோள் போன நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு வேறு எவன் வேலை கொடுப்பான் என்பதும் வந்தது. வாயைக் கட்டிக்கொண்டு இருந்து பழகியவள்தான் அவள். டாக்டர்கள் பேசும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றே பத்தொன்பது வருஷம் ஓட்டியவள். ஆனால் அன்றைக்கு என்னவோ பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஓட்டுப் போட்டா வயித்துக்குள்ள இருக்கற குழாய் எந்திரிச்சுப் போயிடுமா சார்?"

பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் திரைக்குள் புகுந்துகொண்டார்கள். தலைவர் எழுந்து போனார். நாலு மணிக்கு உருவத்தை டாக்டரம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் அவர் மனம் மாறாவிட்டால் கோடு துடைக்கப்பட்டே போகும்.

மூச்சக்கா சாப்பிடப் போகவில்லை. குழாய்கள் பளிச்சென்று தெரிய மருந்து ஏற்றி முதல் படங்களை எடுத்த பிறகு, எந்திரம் ஒன்றரை நிமிஷம் கழித்து இன்னொரு தடவை அதே வயிற்றைப் படம் எடுக்கும். அந்தப் படங்களில் குழாய்கள் மங்கலாக இருக்கும் என்பதால் ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் அதைத் திறப்பதே இல்லை. அவள் திறந்தாள். இரண்டாம் தடவை அந்தப் பெண் மூச்சை ஒழுங்காகப் பிடித்திருந்தாள். கல்லீரல் ஓரம் வழவழவென்று இறங்கியது. பின்னால், மங்கலாக, ஆனால் எங்கும் அறுபடாமல், அந்தக் குழாய் ஓடியது.

"என் ராசாத்தி!" என்றாள் திரையைப் பார்த்து. கண் கலங்கிவிட்டது. முகமே தெரியாத பெண்ணிடம் அப்படி ஓர் அன்பு வந்துவிட்டது அவளுக்கு.

மூன்றரைக்குத் தலைவரைக் கையோடு கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். முதல் படத்தில் படி விழுந்த இடத்தைக் காட்டினாள். இரண்டாவதில் அது இல்லாததைக் காட்டினாள். பிறகு குழாயைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மூச்சு விட்டதுனாலதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு லட்சம் பேருக்கு மேல மூச்சைப் பிடிக்கச் சொல்லியிருக்கேன் சார். எவன் எந்த இடத்துல விடுவான்னு எனக்குத் தெரியாதா?"

அந்த மனிதரைப் பற்றி இதுவரை கொஞ்சம் நக்கலாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது நல்லதும் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு நிமிஷம்கூட வீம்பு பிடிக்கவில்லை. அங்கேயே போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தன் விதி ஓட்டை என்பதைத் தன் வாயாலேயே சொன்னார். டாக்டரம்மா கறார் பேர்வழி.

"ரிப்போர்ட்ல இல்லாததை நம்பி நான் வழியை மாத்தணும்கறீங்க. பார்த்தவங்க அங்க இருக்காங்களா?"

"இருக்கேன் டாக்டர்" என்றாள் மூச்சக்கா. "குழாய் அங்க இருக்கு. தூக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் கை விட்டுப் பாருங்க."

"சரி. ரெண்டு செட்டையும் அனுப்புங்க. நானும் பார்க்கறேன்."

அன்றும் மறுநாளும் அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கணவர் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினாள். வேலை போனாலும் போகும் என்றாள். அதுகூடப் பரவாயில்லை, தப்பாகச் சொல்லியிருந்தால் என்னங்க செய்வேன் என்றாள். அவர் கேலி செய்யவில்லை.

"ஏம்மா, மூணு பேர்ல ரெண்டு பேர் கேபிள் நல்லா இருக்குன்னு சொன்னா நான் லிஃப்ட்டை ஓட விட்டுருவேனா? ஒருத்தன் சந்தேகம்னா நிறுத்திட்டுத்தான் மறுவேலை. நீ செஞ்சது சரி. வேலை போனா போகட்டும், பார்த்துக்கலாம்."

வியாழக்கிழமை அறையில் ஒருவருக்கும் கை ஓடவில்லை. பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று. பக்கத்து மேசைக்காரர்களில் ஒருவர் கொண்டு வந்து வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. தலைவர் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றே காலுக்கு அது அடித்தது.

"இருந்துச்சு" என்றார் டாக்டரம்மா, எடுத்த எடுப்பில். அசதியில் குரல் கரகரத்தது. "அஞ்சு மில்லிமீட்டர். நீங்க சொன்ன அதே இடம். சொல்லலைன்னா முதல் தூக்குலயே பிச்சிருப்பேன். அதைக் கட்டி, வெட்டி, அண்ணன் பக்கத்துல தெச்சும் குடுத்தாச்சு. அவருக்கு இன்னும் வேலை நடக்குது, நல்லா போகுது. பொண்ணு கண் முழிச்சுட்டா. முழிச்சதும் அண்ணன் எப்படி இருக்கான்னுதான் கேட்டா."

பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் கை தட்டினார்கள். தலைவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. அன்று மாலையே அவர் விதியை மாற்றினார். ஒருவர் மட்டும் போட்ட கோட்டை இனி அழிக்கக்கூடாது, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதி ஒட்டினார். ஓட்டெடுப்பு நடத்தவில்லை. மூச்சக்காவின் ஒப்பந்தமும் நீண்டது. ஆனால் அதெல்லாம் பிறகு.

"ஒண்ணு சொல்லுங்க" என்றது போன். "எல்லாரும் விட்டதை விடாமப் பிடிச்சிருக்காங்களே, அந்தக் கோடு போட்டது யாரு? அன்னிக்குப் போன்ல பேசினவங்கதானா? ரிப்போர்ட்ல மூணுன்னு ஒரு நம்பர்தான் இருக்கு."

எங்கள் குழு என்று சொல்லத்தான் தலைவர் வாயைத் திறந்தார். வழக்கம் அதுதான். அதற்குள் மூச்சக்கா மேசைமேல் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"நான்தான் டாக்டர் போட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.