விமானம் வந்தால் நிற்கும் சாலை

ஜிப்ரால்டரில் செத்தவர்கள்கூட விமானத்துக்கு வழிவிட்டுத்தான் போகவேண்டும். ஊர் இந்தப் பக்கம், கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம், நடுவில் ஓடுபாதை. ஊரிலிருந்து ஸ்பெயின் எல்லைக்குப் போகிற சாலை அந்த ஓடுபாதைக்குக் குறுக்கே போகிறது. விமானம் வந்தால் மணி அடிக்கும், விளக்கு சிவக்கும், கம்பம் இறங்கும். சுரங்கச் சாலை வருவதற்கு முன்னால் காரும் பஸ்ஸும் கல்யாணமும் சாவும் எல்லாமே அந்தக் கம்பத்துக்கு முன்னால் நின்றுதான் போயின. ஊர்ப்பக்கக் கம்பத்தை இறக்கி ஏற்றும் உத்தியோகம் லயனல் பாக்லியெத்தோவுடையது.

எங்கள் விமான நிலையம் உலகம் முழுக்கப் பேர் வாங்கியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் கட்டடமா, கடைகளா? இந்தக் கம்பம்தான். கேமராவோடு வருகிறவர்கள் முதலில் கம்பத்தைப் படம் எடுப்பார்கள், அப்புறம் லயனலை எடுப்பார்கள். அவருடைய தொப்பையும் மீசையும் எத்தனை நாட்டு வீடுகளில் இருக்கிறதோ தெரியாது. ஒருமுறை டி.வி.க்காரி ஒருத்தி மைக்கை நீட்டி, "இவ்வளவு பக்கத்துல விமானம் எறங்குதே, பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"விமானத்துக்கு என்னம்மா பயம்? அது சொன்னபடி கேக்கும். எனக்குப் பயமெல்லாம் இந்த சைக்கிள்காரங்கமேலதான்" என்றார் லயனல்.

ஊரில் அவருக்கு நல்ல பேர் என்று சொல்ல முடியாது. விளக்கு சிவந்துவிட்டால் அவருக்குக் காது கேட்காது. மணப்பெண் கெஞ்சியிருக்கிறாள், பெரிய அதிகாரியின் டிரைவர் மிரட்டியிருக்கிறான், ஒரு பாதிரியார் நரகத்தைக் காட்டியே பேசியிருக்கிறார். எல்லோருக்கும் லயனலிடம் இருந்தது ஒரே பதில். "லைட் சிவப்பு." கூட வேலை பார்த்த மோமி, "இந்த ஆளு சாகும்போது எமனையும் நிறுத்தி வெச்சிருவான்" என்று கேலி செய்வார்.

அவரை அப்படி வளர்த்தது காலம். அவர் மீசை முளைக்காத பையனாக இருந்தபோது ஸ்பெயின்காரர்கள் எல்லைக் கதவையே மூடிவிட்டார்கள். வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வேலிகளுக்கு நடுவே இருந்த வெட்டவெளியைத் தாண்டிக் கத்திப் பேசுவார்கள். பிறந்த குழந்தையை இங்கே தூக்கிக் காட்டினால் அங்கே அத்தை கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பது தெரியும். குழந்தையின் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. கதவைத் திறக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூடிய கதவு மூடிய கதவுதான், அதைக் கேள்வி கேட்பது நம் வேலை இல்லை என்று லயனல் அப்போதே மனதில் போட்டுக்கொண்டார். பாவம், அந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை.

அதனால்தான் தம்பியை இழந்தார்.

தம்பி வில்ஃபிரட் கட்டியது எல்லைக்கு அப்பால் லா லீனியாவில் பிறந்த என்கார்னியை. ஒரு நாள் அவளுடைய அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அங்கிருந்து போனில் கூப்பிட்டார்கள். ஸ்கூட்டரில் இருவரும் பறந்து வந்தார்கள். கம்பம் அவர்கள் மூக்குக்கு முன்னால் இறங்கியது. கிழக்குக் காற்று ஊருக்கு மேலே நிற்கும் பெரும் பாறையைச் சுற்றிச் சுழன்று அடிக்கிற நாள் அது. லண்டன் விமானம் இறங்கப் பார்த்தது, ஆடியது, முடியாமல் மேலே ஏறி, ஸ்பெயினில் இருக்கும் மலாகாவுக்குப் போய்விட்டது. வானம் காலி. விளக்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"அதான் போயிருச்சே லயனல்! தெற!" என்று கத்தினாள் என்கார்னி.

"லைட் சிவப்பு."

"உன் கூண்டுல போன் இருக்குல்ல? டவருக்கு அடிச்சு ஒரு வார்த்தை கேளு. என் அம்மா சாகக் கிடக்குறா!"

"அந்த போன் அவங்க சொல்றதுக்கு, என்கார்னி. நாம கேக்கறதுக்கு இல்ல."

விளக்கு பச்சையாகிக் கம்பம் ஏறி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் என்கார்னி லயனலிடம் பேசவில்லை. வில்ஃபிரட் பெண்டாட்டி பக்கம் நின்றான், அதில் தப்பும் இல்லை. தினமும் எல்லை தாண்டி மீன் வாங்கப் போகிறவன், கேட்டில் நின்றால் நேராகப் பார்த்தபடியே நிற்பான். தம்பியின் ஹெல்மெட்டையும் பின்கழுத்தையும் பார்த்தே லயனல் அத்தனை வருஷத்தைக் கழித்தார். கழுத்து மெலிந்துகொண்டு வருவதைக்கூட அவர்தான் முதலில் கவனித்தார். யாரிடம் சொல்வது? அடுத்த ஈஸ்டருக்குள் வில்ஃபிரட் போய்விட்டான்.

மோமி வாய் வழியாகச் செய்தி வந்தது. "கோயிலுக்கும் வரக்கூடாதாம், குழிக்கும் வரக்கூடாதாம். அந்தம்மா சொல்லச் சொல்லுச்சு. நான் என்னய்யா பண்ணட்டும்?"

அடக்கம் நடக்கும் நாளில் விடுப்பில் இருந்தவர், இன்னொருவரிடம் கேட்டு அந்த ஷிப்ட்டை வாங்கிக்கொண்டார். கோயிலில் தடுக்கலாம், குழியில் தடுக்கலாம். கேட்டில் எப்படித் தடுப்பாள்? தம்பி அந்த வழியாகத்தானே போயாகவேண்டும். வண்டி கடக்கும்போது தொப்பியைக் கழற்றி நிற்கலாம், அந்தக் கொஞ்ச நேரம் போதும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார்.

அன்றைக்கும் கிழக்குக் காற்று. பாறையின் தலையில் மேகம் குந்தியிருந்தது. மான்செஸ்டரிலிருந்து வரவேண்டிய விமானம் காலையில் கிளம்பாமல் தாமதமாகக் கிளம்பியிருந்தது. அதில்தான் வில்ஃபிரடின் ஒரே மகன் ஜூலியன் வந்துகொண்டிருந்தான். பூசை முடிந்தது. பிள்ளைக்காக எவ்வளவு இழுத்தடித்துப் பார்த்தும் கல்லறைத் தோட்டத்தை மூடும் நேரம் நெருங்கிவிட்டதால் ஊர்வலம் கிளம்பிவிட்டது.

பாக்லியெத்தோ குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட் வரைக்கும் காரில் வருவார்கள். கேட்டில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். மூத்த பிள்ளை சவ வண்டியின் பின்கதவில் கை வைத்தபடி ஓடுபாதையை நடந்தே கடப்பான். அப்பா செத்தபோது லயனல் அப்படிக் கடந்தார், வில்ஃபிரட் பக்கத்தில் விம்மிக்கொண்டு நடந்தான். இன்றைக்கு அந்தக் கதவில் கை வைக்க ஆள் இல்லை.

கறுப்பு வண்டி வளைவில் தெரிந்த நேரம் பார்த்து மணி அடித்தது. விளக்கு சிவந்தது.

"லயனல், விட்ருவோம்யா. ஒரு மிதி மிதிச்சா தாண்டிரும். உன் தம்பிய்யா!" என்றார் மோமி.

லயனல் கம்பத்தை இறக்கினார். வண்டி அவருக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. கண்ணாடிக்குள் பூ. பூவுக்குக் கீழே வில்ஃபிரட். பின்னால் கார்கள் வரிசை கட்டிக்கொண்டே போயின.

இரண்டாவது காரிலிருந்து என்கார்னி இறங்கி வந்தாள். கறுப்பு உடுப்பில் இளைத்துப்போயிருந்தாள். அவள் திட்டுவாள் என்று லயனல் எதிர்பார்த்தார், திட்டட்டும் என்றும் நினைத்தார். அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள்.

"எந்த விமானம் அது?"

எட்டு வருஷத்துக்கப்புறம் அவள் கேட்ட முதல் வார்த்தை.

"மான்செஸ்டர்."

"எறங்குமா?"

"சொல்ல முடியாது. காத்து காட்டற துணி இந்தப் பக்கம் ஒரு திசை காட்டுது, அந்தப் பக்கம் ஒரு திசை காட்டுது."

விமானம் தண்ணீரைத் தொடுவதுபோல் வந்தது. ஒரு இறக்கை சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. சக்கரம் தரைக்கு வருவதற்குள் உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. வேலியோரம் கேமராவோடு நின்றவர்கள் ஆவென்று கத்தினார்கள். அவர்களுக்கு அது திருவிழா. என்கார்னி கம்பத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"மலாகாவுக்குப் போயிருச்சு" என்றாள்.

"இன்னும் போகல. திரும்புது பாரு. இந்த ஆளு இன்னொரு தடவை பாக்கப்போறான்."

இரண்டாவது தடவை விமானம் காற்றோடு மல்லுக்கு நின்றபடி வந்து, தடாலென்று உட்கார்ந்து, அவர்கள் கண்ணுக்கு முன்னால் புழுதியும் இரைச்சலுமாக ஓடி நின்றது. சவ வண்டியின் டிரைவர்கூடக் கை தட்டினான். என்கார்னி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் அவளுக்கு அடுத்தது உறைத்தது. விமானம் ஒதுங்கியதும் விளக்கு பச்சையாகும். பச்சையானால் முதலில் நிற்கும் வண்டி நகர்ந்தாகவேண்டும், ஓரம் கட்ட இடமும் இல்லை, பின்னால் போகவும் வழி இல்லை. ஜூலியன் எதிர்ப்பக்கத்து நிலையத்தில் இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி, வெளியே ஓடி வருவதற்குள் அப்பா மறுகரை போய்விடுவார்.

"லயனல், அவன் வர்றவரைக்கும் தெறக்காத."

சொன்ன பிறகுதான் தான் யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது அவளுக்கே புரிந்ததுபோல் இருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

லயனல் கூண்டைப் பார்த்தார். உள்ளே சுவரில் அந்த டெலிபோன். எட்டு வருஷமாக அவர் ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறார். என் கையில் ஒன்றும் இல்லை, விளக்குதான் எல்லாம், வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்ற நினைப்பு. இப்போது போய் அந்த டெலிபோனை எடுத்தால், அன்றைக்கும் எடுத்திருக்கலாம் என்று ஆகிவிடும். அவள் முன்னாலேயே ஆகிவிடும். எடுக்காவிட்டால் தம்பி பிள்ளையின் கை படாமல் போவான். கூண்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம், சாத்தவில்லை.

"டவர்" என்றது மறுமுனை. எப்போதும் உத்தரவு சொல்லும் ஹொரேஸின் குரல்.

"கேட்ல லயனல் பேசறேன்."

"லயனலா? என்னய்யா ஆச்சு? எதுவும் விழுந்திருச்சா?" ஹொரேஸ் பதறிப்போனார். லயனல் தானாகக் கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை.

"ஒண்ணும் விழல. இங்க சவ வண்டி நிக்குது. என் தம்பியோடது. பையன் இந்த விமானத்துலதான் வந்திருக்கான். அவன் வர்ற வரைக்கும் சிவப்புலயே வெக்க முடியுமா?"

"இதுக்கா இவ்ளோ தயக்கம்? அடுத்த விமானம் எதுவும் இல்ல. பையனை நம்ம வண்டியிலயே அந்தப் பக்கத்துலேருந்து கொண்டாந்து விடச் சொல்றேன். வந்ததும் சொல்லு, மாத்தறேன். வில்ஃபிரட் நல்ல மனுஷன்யா."

லயனல் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். என்கார்னி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

லயனல் தலை குனிந்தார். "இவ்வளவுதான்."

"அன்னைக்கும் கேட்டிருந்தா?"

"விட்டிருப்பாங்க. நான் கேக்கல." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல என்கார்னி. பொய் சொல்லல."

அவள் சவ வண்டிப் பக்கம் திரும்பினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. மோமி வரிசைக்குள் போய், "ஹாரன் அடிக்கிறவன் எல்லாம் நடந்து போய்க்கோ!" என்று கத்தினார். டிரைவர் பூக்களைச் சரிசெய்ய வண்டியின் பின்கதவைத் திறந்தபோது காற்று அதிலிருந்து ஒரு ரிப்பனை அவிழ்த்தது. லயனல் எட்டி அதைப் பிடித்து, மறுபடி கட்டினார். கட்டும்போது விரல் பெட்டியில் பட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

ஜூலியன் நிலையத்து வண்டியிலிருந்து குதித்து, தோளில் பையோடு, டை ஒரு பக்கம் பறக்க ஓடி வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். பிறகு யாரும் சொல்லாமலே, டிரைவர் சாத்திய பின்கதவில் கையை வைத்தான். லயனல் டவருக்குச் சொன்னார், விளக்கு பச்சையானது, கம்பம் ஏறியது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் நினைத்து வந்தது அவ்வளவுதான்.

வண்டி நகர்ந்தது. உறவுக்காரர்கள் பின்னால் நடந்தார்கள். அவரைத் தாண்டிப்போன என்கார்னி நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"வர்றதுன்னா வா. இல்ல, அதுக்கும் யாருக்காவது போன் போட்டுக் கேக்கணுமா?"

லயனல் மோமியைப் பார்த்தார்.

"நான் போகட்டுமா?" என்று கேட்டார்.

"போய்த் தொலையேன்யா!" என்றார் மோமி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

லயனல் ஓடுபாதைக்குள் கால் வைத்தார். முப்பது வருஷமாகப் பிறரைக் கடக்கவிட்ட மனுஷர், காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு, வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்து நடந்தார்.