கரி பஸ் நின்ற முனை

பெரம்பலூரில் எங்கள் தெருவில் குடியிருக்கிறவர்களைத் தவிர வேற்றாள் நடமாட்டம் கிடையாது. யுத்த காலத்தில் அரியலூர் பஸ் எங்கள் பிள்ளையார் கோயில் முனைக்கு வந்து நிற்கத் தொடங்கியது. பெட்ரோல் கிடைக்காமல், பின்பக்கம் கரி அடுப்பு கட்டி ஓடிய பஸ் அது. ஒரே மாதத்தில் முனையில் காபி கிளப் முளைத்தது. யார் யாரோ கோயில் படியில் செருப்போடு உட்கார்ந்தார்கள். கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் கரி.

பஸ்ஸை ஊருக்கு வெளியே மேட்டிலேயே நிறுத்தும்படி தெருக்காரர்கள் பஸ் முதலாளிக்கு மனு எழுதினார்கள். அடுத்த வீட்டு மச்சான் அதை என்னிடம் கொண்டு வந்தார்.

"தெனம் கோயில்ல வெளக்குப் போடுறவரு நீங்க. நீங்களே கையெழுத்துப் போடலன்னா எப்புடி மாப்ள?"

"பொண்ண அழைச்சிட்டு வந்துடுறேன் மச்சான். அப்புறம் பேசிக்குவோம்."

"ஓகோ. பிள்ளையாருக்குப் பொகை, ஒங்களுக்கு வண்டியா?"

அரியலூரில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்கு ஏழாம் மாதம். எட்டாம் மாதத்தில் அழைக்கும் வழக்கம் எங்களுக்கில்லை. முன்பே ஒன்று தங்காமல் போயிருந்தது. அவளை மாட்டுவண்டியில் குலுங்கவிடவோ, மேட்டிலிருந்து ஒரு மைல் ஐப்பசிச் சேற்றில் நடத்திவரவோ எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை அரியலூரில் அவளை அழைத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு வந்தபோது மணி எட்டரை. பஸ் தயாராக நின்றது. ராகுகாலம் முடிய ஒன்பது ஆகும். அரை மணி பொறுக்கும்படி டிரைவரிடம் கேட்டேன். "வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைங்க" என்று மற்றவர்களும் எனக்காகப் பேசினார்கள். அவரும் திருநீறு பூசியவர், மறுக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பார்த்தால் அடுப்பு அவிந்து கிடந்தது. கரியில் மழை ஈரம். கிளறி, வேறு கரி போட்டு, காற்றடிக்கும் சக்கரத்தை டிரைவரும் நானும் மாறி மாறிச் சுற்றினோம். வண்டி உறுமியபோது பத்தரை. எமகண்டம் தொடங்கிவிட்டது.

"பெரியவரே, ராகுவுக்குப் பயந்து எமன்கிட்ட வந்து நிக்கிறோமுங்க. பன்னெண்டு வரைக்கும் பாத்துட்டே போலாங்களா?" என்றார் ஒரு பயணி. வண்டியே சிரித்தது.

மகள் சிரிக்கவில்லை. "செட்டிகுளத்து முருகன் மேல பாரத்தப் போட்டுட்டு ஏறுங்கப்பா. ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு கடுக்குது."

அவள் நெற்றியில் திருநீறு இட்டு ஏறினேன். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை ஊர விட்டார். முனையில் இறங்கி இருபதடி நடந்தாள். வாசலில் என் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

சாயங்காலம் மச்சான் மனுவோடு வந்தார்.

"நான் போட மாட்டேன் மச்சான். பஸ்ஸு இங்கயே நிக்கட்டும். கோயில் படிய நான் தெனம் கழுவுறேன். செருப்போட ஏறுறவன நானே எறக்கி விடுறேன். ஒங்க வூட்டுலயும் பொண்ணு இருக்கு."

அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மறுநாள் முதல் பஸ் வருமுன் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, வாளியும் விளக்குமாறுமாகப் படியில் இறங்கினேன்.