இசபெல் அம்மாளின் எண்பத்தெட்டுக் கட்டைகள்

உபதேசியார் "மூன்றாவதாக..." என்று விரலை உயர்த்தும்போது, இசபெல் அம்மாளின் விரல்கள் ஆர்மோனியத்தின் மூடிமேல் ஓடத் தொடங்கியிருக்கும். சத்தம் கிடையாது. இடதுகை மாட்டுவண்டி மாதிரி நிதானமாகப் போகும். வலதுகை அதன் சக்கரத்தைச் சுற்றிக் குரைக்கிற நாய்க்குட்டியாகத் துள்ளும். ராஜையன் உபதேசியார் நல்ல மனிதர்; பிரசங்கத்தைத் தொடங்கத் தெரியும், முடிக்கத்தான் தெரியாது. அம்மாளின் கைகள் மடியில் விழுவதைப் பார்த்துத்தான் அவர் ஆமென் சொல்லுகிறார் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு.

"பின்னே? லிஸ்ட்டு பன்னிரண்டு பக்கத்துல முடிச்சுட்டான். இவருக்கு என்னவாம்?" என்கிறார் அம்மாள்.

லிஸ்ட்டு என்பவர் நூறு வருஷத்துக்கு முன்னால் பியானோவை வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே கிறங்கடித்த ஹங்கேரிக்காரர். கருங்கல் சந்தைக்குக் கிழக்கே மூன்று மைல் தள்ளி, சுற்றிலும் பனையும் மரவள்ளியும் நிற்கிற ஓர் ஊரில், அவரை அடுத்த வளவுக்காரனைப் போல 'அவன்' என்று பேசுகிற ஒரே ஆள் இந்த அம்மாள்தான்.

வயது நாற்பத்துமூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பெண்ணு பார்க்க வந்தவன் ஒருத்தனுக்கும் தாளம் நிக்கல" என்று பதில் வரும். மிஷன் லேஸ் பள்ளியில் முப்பது பெண்களுக்கு இவர்தான் மேற்பார்வை. உருளைத் தலையணையில் குத்திய குண்டூசிகளுக்கு நடுவே, நூல் சுற்றிய அறுபது மரக்குச்சிகளைப் பார்க்காமலே மாற்றி மாற்றிப் போடுவார். வாய் அந்த நேரத்தில் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். சபையில் கால் ஆர்மோனியம் வாசிப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்குச் சம்பளம் இல்லை, குறை மட்டும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றாம் வருஷம், பள்ளியை நடத்திவந்த வெள்ளைக்கார அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது இரண்டு பொருளை விட்டுவிட்டுப் போனார். ஒன்று, பழைய சங்கீத வித்வான்களின் வாழ்க்கையைச் சொல்லும் தடித்த ஆங்கிலப் புத்தகம். மேலட்டையைக் கறையான் வாசித்து முடித்திருந்தது. மற்றது, சுரங்களைக் குறியாக எழுதிய நொட்டேஷன் தாள் ஒரு கட்டு. ஏழாம் வகுப்பு இங்கிலீஷும் ஓர் அகராதியும் துணையாக, பதினான்கு வருஷமாக இசபெல் அம்மாள் அந்தப் புத்தகத்துக்குள் குடியிருக்கிறார்.

குடியிருந்தாரே தவிர, அங்கே உள்ளவர்களின் பெயரை எப்படிச் சொல்வது என்று யாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போலந்துக்காரர் ஷோப்பானைப் பத்து வருஷம் 'சோப்பின்' என்றே கூப்பிட்டார். நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு வாத்தியார் திருத்தியபோது அம்மாள் இரக்கத்தோடு அவரைப் பார்த்தார். "பத்து வருசமாட்டு கூப்பிட்ட பேரு. இனி மாத்துனா அவன் திரும்பிப் பார்ப்பானா?"

பாகனினியைப் பற்றிக் கேட்டால் கை வேலை நின்றுவிடும். "ஆளு கருவாடு கணக்கா இருப்பான். வயலின்ல ஒரே ஒரு நரம்பை வச்சே வாசிப்பான், கேட்டியா? நம்ம சபைக் கமிட்டிக்காரங்களுக்கு எல்லா நரம்பும் முழுசாத்தான் இருக்கு. என்ன பிரயோசனம்?" விரலுக்கு வலு ஏற்ற ஏதோ யந்திரம் மாட்டி, விரலையே கெடுத்துக்கொண்ட பியானோக்காரர் ஷூமானிடம் மன்னிப்பே கிடையாது. "படிச்ச மடையன். எங்கிட்டே வந்திருந்தா லேஸ் பின்ன விட்டிருப்பேன்."

இந்த ரகளையெல்லாம் லேஸ் பள்ளிக்குள் நடந்தவரை ஊருக்கு நஷ்டமில்லை. போன சித்திரையில் அது கோயிலுக்குள் வந்தது.

சபைக் கமிட்டிச் செயலாளர் குமாரதாஸ் கருங்கல் சந்தையில் கருப்பட்டி மொத்த வியாபாரி. முழங்கால் வாதமும் முன்கோபமும் உள்ளவர். அவர் மகளுக்குக் கல்யாணம். "வழக்கமா வாசிக்குகது போதும், இசபெலு" என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அம்மாள் சோப்பினின் துள்ளல் மெட்டு ஒன்றை, வால்ட்ஸ் என்பார்கள், பதினொரு மாதமாகப் பழகி வைத்திருந்தார். அன்று கோயில் நிறைய ஆள். கைக்கு அடக்கம் போதவில்லை.

பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு குமாரதாஸ் வாசலில் கால் வைத்தார், ஆர்மோனியம் பாய்ந்தது. பாட்டுக்கு ஏற்ப நடப்பதுதான் முறை என்று நம்பிய பெண் வேகம் எடுத்தாள். பாதி வழியில் அப்பனும் மகளும் ஏறக்குறைய ஓடினார்கள். அவருடைய மேல்முண்டு நழுவி ஒரு தூணடியில் தங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசையே சிரித்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விசாரணை.

"அது டான்ஸ் பாட்டுன்னு வாத்தியார் பறஞ்சாரு. கோயிலுக்குள்ள டான்ஸா?" என்று குமாரதாஸ் தொடங்கினார்.

"தாவீது ராஜா கர்த்தருடைய பெட்டிக்கு முன்னால ஆடுனாரே, அண்ணாச்சி. அவரை எந்தக் கமிட்டி விசாரிச்சுது?"

ஒரு மூப்பர் செருமினார். "பிசாசுக்கு ஆத்துமாவை வித்த வயலின்காரன் கதையை லேஸ் பிள்ளைகளுக்குச் சொல்லுகியாமே?"

"அது ஊருக்காரன் கட்டிவிட்ட கதையாக்கும். அந்த ஊர்லயும் ஒரு கமிட்டி இருந்திருக்கும்லா."

ராஜையன் உபதேசியாருக்கு இருமல் வந்தது. வெளியே போய் இருமினார். தீர்ப்பு: ஆறு மாதம் அம்மாள் கோயிலில் வாசிக்கக் கூடாது. ஆர்மோனியத்துச் சாவியை அம்மாள் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார். குமாரதாஸின் அக்காள் மகன் யேசுரத்தினம் ஆர்மோனியப் பெட்டிக்கு அமர்த்தப்பட்டான். அவனுக்கு நான்கு பாட்டுத் தெரியும். எந்தப் பாட்டை அறிவித்தாலும் அந்த நான்கில் ஒன்றில் கொண்டுபோய்ச் சபையை இறக்கிவிடுவான்.

வீட்டுக்கு வந்த அம்மாள் ஒரு பலாப்பலகையை எடுத்துக் கரிக்கட்டையால் பியானோக் கட்டைகளாகக் கோடு கிழித்தார். "கோயில் பெட்டியில அறுபத்தொண்ணு கட்டைதான். நெசப் பியானோவுக்கு எண்பத்தெட்டு. கமிட்டி எனக்கு இருபத்தேழு கட்டை கூட்டித் தந்திருக்கு" என்றார். ஆனால் லேஸ் பெண்கள் சொன்னது வேறு. அந்த ஞாயிறுகளில் கோயில் மணி அடித்தால் அம்மாள் தண்ணீர் கோரப் போய்விடுவாராம். ஆராதனை முடிகிறவரை கிணற்றங்கரையிலேயே நிற்பாராம், குடம் நிறைந்த பிறகும்.

ஆவணியில் ஒரு வேலை வந்தது. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்துத் துரைசாணி ஜன்னல் திரை கேட்டிருந்தார். பின்னி முடித்ததை அம்மாளே கொண்டுபோனார். குலசேகரம்வரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி, அப்புறம் நடை. அட்டை கடித்த காலோடு பங்களாவுக்குள் நுழைந்த அம்மாள், கையிலிருந்த திரையோடு அப்படியே நின்றார். மூலையில் ஒரு பியானோ.

"வாசிக்கட்டான்னு கேட்டியளா?" என்று, இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அம்மாளைக் கேட்டேன்.

"கேட்கல்ல. கையை மட்டும் காட்டினேன். அந்தப் புண்ணியவதிக்கு மனசிலாச்சு."

உட்கார்ந்தார். பழக்க தோஷம்: ஆர்மோனியத்துக்குக் காற்றடிப்பதுபோல இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே கட்டைகளைத் தட்டத் தொடங்கினார். பியானோவின் மிதியோ சத்தத்தை அடங்கவிடாமல் ஓடவிடுவது. மிதித்த மிதியில் எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று கலங்கி, வெள்ளம் வந்த ஓடை மாதிரி ஆயிற்று. துரைசாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குனிந்து, அம்மாளின் காலைப் பிடித்து மெல்ல எடுத்துத் தரையில் வைத்தார்.

அம்மாள் ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆர்மோனியமாக இருந்தால் மிதிக்கிறவரை சத்தம் நின்று ஒலிக்கும். இது தேய்ந்தது, தேய்ந்தது, போயிற்று. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் போயிற்று.

"பொறந்த உடனே சாகுது மக்கா, ஒவ்வொரு சத்தமும்" என்று என்னிடம் சொன்னபோது அம்மாளின் குரலில் குறும்பு இல்லை. "வித்தை காட்டத்தான் லிஸ்ட்டு, சோப்பின் எல்லாம் இம்புட்டு ஓடுகானுவன்னு நெனச்சிருந்தேன். அது இல்ல. ஒண்ணு சாகதுக்குள்ள அடுத்ததைப் பிடிக்கணும்லா? அதுக்காக்கும் ஓட்டம். பதினாலு வருசம் படிச்சிருக்கேன், சவத்துப் புஸ்தகம் அதை மட்டும் சொல்லல."

வால்ட்ஸை வாசித்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அந்த இரண்டு கட்டையோடு எழுந்து, திரைக்கு ரசீது வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாராம்.

புரட்டாசிக் கடைசியில் குமாரதாஸின் தாயார் இறந்துபோனார். எண்பத்தொன்பது வயது. அன்று காலையில் யேசுரத்தினம் அடக்க ஆராதனைக்காக ஒத்திகை பார்த்த பாட்டு அறுவடைப் பண்டிகைப் பாட்டில் போய் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து, வாத முழங்காலோடு குமாரதாஸ் லேஸ் பள்ளி வாசலில் நின்றார். சாவியை நீட்டினார்.

"அந்த ஓட்டம் மட்டும் வேண்டாம், இசபெலு."

"செத்தவளுக்கு என்ன அவசரம், அண்ணாச்சி" என்று அம்மாள் சாவியை வாங்கிக்கொண்டார்.

கோயிலில் சவப்பெட்டியை இறக்கி வைத்தார்கள். கிழவிக்குப் பிடித்த பாமாலையை அம்மாள் வாசித்தார், எல்லோரும் பாடினார்கள். கடைசி அடி முடிந்ததும் வழக்கமாகக் கையை எடுத்துவிடுவார். அன்று எடுக்கவில்லை. விரல்கள் கட்டைகளை அழுத்தியபடியே இருக்க, கால்களை மட்டும் மிதியிலிருந்து தரைக்கு இறக்கினார். துருத்தியில் மிச்சமிருந்த காற்றில் அந்தச் சுரம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. அது எந்த இடத்தில் நின்றது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சந்தையில் பத்துப் பேரை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் குமாரதாஸ், துண்டை வாயில் திணித்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஆர்மோனியத்தின் பக்கம் வந்து நின்றார். இசபெல் அம்மாள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்.