போர்டில் இருந்த இதய நிபுணர்

அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது, நாங்கள் நம்பும் மருந்துக்கடை அண்ணன் ஓசூரிலேயே ஒரு மருத்துவமனையைச் சொன்னார்.

"ஹார்ட் டாக்டரே இருக்காரும்மா. எதுக்கு பெங்களூருக்கு அலையறே?"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வாசல் போர்டில் இருந்த இதய நிபுணரின் பெயரை அப்பாவுக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

உள்ளே இருந்த டாக்டரை அந்த நிபுணர் என்றே நினைத்தோம். அவர் முதல் இரண்டு முறையும் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார். மூன்றாம் முறை அப்பா அவர் முன்னாலேயே வியர்த்துச் சரிந்தார்.

"நான் டூட்டி டாக்டர்மா. ஹார்ட் டாக்டர் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பெங்களூர்லேருந்து வருவார்," என்று பதறினார்.

ஆம்புலன்சில் பெங்களூருக்கு ஓடி அப்பாவைக் காப்பாற்றினோம். திரும்பியதும் கடைக்கார அண்ணனிடம், "உங்களுக்குத் தெரியாதாண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. நீ கேக்கலையே," என்றபடி அடுத்தவருக்கு மாத்திரை அட்டையை வெட்டினார்.

இப்போதெல்லாம், "ஹார்ட் டாக்டர் நீங்கதானா சார்?" என்று நேராகவே கேட்கிறேன். முகம் சுளித்தாலும் சரி, பதில் வந்த பிறகே அப்பாவை உட்கார வைக்கிறேன்.

- ஒரு வாசகி, ஓசூர்