கடைசி அறை எப்போதும் காலி

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ மைக் செட் தொழிலுக்கு வந்தேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் செட்டு கட்டியிருக்கிறேன். ஊரார் குரலையெல்லாம் தெருக்கோடி வரை அனுப்பிவைத்தவன் நான். என் குரல் மட்டும் எந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்தும் வந்ததில்லை. மைக்கைச் சோதிக்கும்போதுகூட நகத்தால் இரண்டு தட்டு தட்டுவேன். "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று கத்துவது என் கூட்டாளியின் வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், எனக்குப் பெட்டி தூக்க வந்து அப்படியே தங்கிவிட்டான். அவன் ரகசியம் பேசினாலே கடலுக்குக் கேட்கும்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் தமிழ் எழுதவும் படிக்கவும் வரும். பாட்டு கேசட்டில் இருந்தவரை அதுவே போதும். பிறகு சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது. அப்புறம் எல்லோரும் திரை கட்டிப் படம் காட்டச் சொன்னார்கள். ரிச்சி தெருவில் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கினேன். கடைக்காரர், "அண்ணே, இது வயசான மெஷினு. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தர்றேன், நிக்காம ஓடும்" என்றார். லினக்ஸ் என்றால் என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பல நாள் அதை லேப்டாப்பின் கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

அதற்குள் அறைகள் இருப்பதை ஒரு காது குத்து விழாவில்தான் கண்டுபிடித்தேன். வெயில் நேரம். வியர்வை துடைத்த துண்டை லேப்டாப் மேல் போட்டுவிட்டேன். எடுக்கும்போது கை ஏதோ பொத்தான்களில் பட்டிருக்கிறது, பார்த்தால் திரையில் பாட்டுப் பட்டியலைக் காணோம். நீல நிறம் மட்டும் இருந்தது. போச்சு, எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் வெளியே பாட்டு பாடிக்கொண்டிருந்தது! பாட்டு கேட்கிறது என்றால் பட்டியலும் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்?

எங்கள் வீடு ராயபுரத்தில் ஒரே அறை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் மனைவி எழுந்து எங்கள் அடுப்பை அணைப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. பாட்டு பக்கத்து அறையில் இருக்கிறது. நான்தான் அறை மாறி வந்து நிற்கிறேன்.

ஜன்னல் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு பேஜ் டவுனைத் தட்டினால் அடுத்த அறை. பேஜ் அப் தட்டினால் முந்தின அறை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதல் அறையில் பாட்டு வைத்தேன். இரண்டாவதில் படங்கள். மூன்றாவதில் மாதா கோயில் பாட்டு வரிகள். எதுவும் எதன் மேலும் ஏறிக்கொண்டு நிற்காது. வீட்டில் மாவு டப்பாவை எடுக்க வேண்டுமென்றால் முதலில் பாயை எடுக்க வேண்டும், பாயை எடுக்க வேண்டுமென்றால் மகளை எழுப்ப வேண்டும். லேப்டாப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எல்லா லினக்ஸிலும் இப்படி இல்லையாம், என்னுடையதில் கடைசியில் எப்போதும் ஓர் அறை காலியாக இருக்கும். அதில் ஏதாவது வைத்தால் அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு காலி அறை தானாக முளைத்துவிடும். எவ்வளவு சாமான் வைத்தாலும் கடைசி அறை காலி! விழாவில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம், "சவுண்டு ஏத்து", "எறக்கு" என்று கத்தும்போது நான் அந்த அறைக்குப் போய்விடுவேன். வெறும் நீலம். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்புவேன். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

கோயில் பாட்டு வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிழாப் பூசைகளில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நானே வரிகளைப் பெரிய எழுத்தில் அடித்துத் திரையில் காட்டுவேன். எங்கள் ஜனத்துக்கு ஒரு பழக்கம். திரையில் எழுத்து வந்தால் வாய் திறந்து சேர்ந்து படித்துவிடுவார்கள். ஒரு முறை பாட்டுக்குழு இரண்டாவது சரணம் பாடிக்கொண்டிருக்கும்போது தவறி நான்காவது சரணத்தைப் போட்டுவிட்டேன். கோயில் முழுக்க அந்த நிமிடமே நான்காவதுக்குத் தாவிவிட்டது. பாட்டுக்குழு மட்டும் இரண்டாவதில் தனியாக நின்றது. ஆர்மோனியம் வாசித்தவர் பூசை முடிந்ததும் வந்து, "யோவ், நீ காலண்டரப் போட்டாலும் இதுங்க பாடும்யா, பாத்துப் போடு" என்றார்.

இந்த நிலையில்தான் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

காலையில் கோயிலில் கல்யாணம், மாலையில் கோயிலின் பங்கு மண்டபத்தில் வரவேற்பு. இரண்டுக்கும் நம்ம செட்டுதான். நான் வழக்கம்போல் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நகை வேணும், பொடவ வேணும்னு நான் எதுனா கேட்டனா?"

"கேக்கல."

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். ரிசப்ஷன்ல நீ மேடைக்கு வரணும். மைக்கப் புடிச்சி ரெண்டு வார்த்த பேசணும்."

"உங்கம்மா பேசுவா."

"அது டெய்லி பேசிகினுதான் கீது. எனக்கு நீ பேசணும்."

அடுப்பங்கரை மூலையிலிருந்து மனைவி சேர்ந்துகொண்டாள். "பொண்ணப் பெத்த அப்பன் செட்டுக்குப் பின்னால குந்திகினு ஒயர் இஸ்துகினு கீறான்னு எண்ணூர் வரைக்கும் பேசுவானுங்க. ஒயுங்கா மேல ஏறு."

நான் சரி என்றேன். மகள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் இது. கடையில் கிடைப்பதாக இருந்தால் வாங்கி வந்து கொடுத்திருப்பேன்.

அன்றிலிருந்து கடைசி அறையில் குடியேறினேன். அங்கே நன்றியுரையை அடிக்க ஆரம்பித்தேன். கண்ணாடி இல்லாமல் எட்ட நின்று படித்துப் பழக வேண்டும் என்பதால் பாட்டு வரிகளைப் போலப் பெரிய எழுத்து. எங்கே தடுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதையும் நடுநடுவே அடித்து வைத்தேன். எல்லாம் வந்தது. ஒரு வரி மட்டும் வரவில்லை. "என் மகள்" என்று அடிப்பேன். அப்புறம் கை நின்றுவிடும். நல்ல பெண் என்று அடித்தால் யார் பெண்ணைப் பற்றியோ எழுதியதுபோல் இருக்கும். அழித்துவிடுவேன். கல்யாண நாள் வந்தபோதும் "என் மகள்" என்பதோடுதான் அது நின்றிருந்தது.

நான் மேடையில் இருக்கும் நேரம் செட்டைக் கூட்டாளி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவனுக்கு அறைகளைக் காட்டிக்கொடுத்தேன்.

"இன்னா மாமு, அஞ்சு ரூம் கீதா இதுக்குள்ள? வாடகைக்கு உட்டா ராஜா மாரி வாயலாம்."

"வெளையாடாத. ஜன்னல் பொத்தானும் பேஜ் டவுனும். அவ்ளோதான். ஷிப்டையும் அம்புக்குறியையும் தொடாத. தொட்டா அந்த ரூம்ல இருக்கிறது பெரிய திரைக்குப் போயிடும்."

"நான் கப்பல்லயே சரக்கு ஏத்தினவன். இத ஏத்த மாட்டனா?"

மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. திரையில் மகளின் சின்ன வயதுப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேக் வெட்டினார்கள். சம்பந்தி பேசினார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மைக் கையில் கிடைத்தால் தண்டவாளம் இருக்கும்வரை போவார். அவர் பேசப் பேச எனக்குச் சந்தோஷம். இப்படியே சாப்பாட்டு நேரம் வந்துவிடாதா என்று பார்த்தேன். வரவில்லை. மகள் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

மேலே ஏறினேன். மைக்கை வாங்கினேன். பழக்கத்தில் நகத்தால் இரண்டு தட்டு தட்டினேன். அதோடு நின்றேன். முன்னால் அத்தனை முகம். மனப்பாடம் செய்ததில் ஓர் எழுத்து இல்லை.

கீழே கூட்டாளி, நான் பேசும்போது பாட்டைக் குறைக்க வேண்டும் என்று பாட்டு அறையைத் தேடியிருக்கிறான். எதிர்ப்பக்கம் தட்டித் தட்டிக் கடைசியில் என் அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறான். ஏதோ எழுதியிருக்கிறதே, இதை முதலில் ஒதுக்குவோம் என்று ஜன்னல் பொத்தானோடு ஷிப்டையும் அம்புக்குறியையும் சேர்த்து அழுத்திவிட்டான். மகளின் படங்களை மறைத்துக்கொண்டு, என் தலைக்கு மேலே திரை முழுக்க எழுத்து வந்தது.

எனக்குத் தெரியாது. நான் கூட்டத்தைப் பார்த்து நின்றிருந்தேன். திடீரென்று முன்வரிசையில் பாட்டுக்குழுப் பெண்கள் வாய் திறந்தார்கள். அடுத்த நொடி மண்டபமே சேர்ந்துகொண்டது, பூசையில் பதில் சொல்லும் அதே ராகத்தில்.

"அன்பான சொந்தங்களே, வணக்கம்!"

யாருக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி அறையில் நான் அடித்து வைத்தது அப்படியே திரையில் நின்றது. ஜனம் நிறுத்துவதாக இல்லை.

"மூச்சு விடு!"

மண்டபமே மூச்சு விட்டது. சிலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் படித்தார்கள்.

"என் மகளின் திருமணத்துக்கு வந்த எல்லோருக்கும் நன்றி! கூட்டத்தைப் பார்க்காதே! மேலே காத்தாடியைப் பார்!"

அத்தனை பேரும் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்கள். பங்குச் சாமியாரும் பார்த்தார். அடுத்த வரி என்னவென்று எனக்கு ஞாபகம் வந்தது. கூட்டாளியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவன் நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகப் படித்தான்.

"சம்பந்தி வீட்டாருக்கு நன்றி! சம்பந்தி கையில் மைக்கைக் கொடுத்துவிடாதே! திரும்ப வராது!"

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தார்கள். நான் காத்தாடியைப் பார்த்தேன். அவர் திரையை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உண்மையத்தான எழுதிக்கீறாரு!" என்று அவர் மனைவி சொன்னது மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அடங்கியதும் ஜனம் கடமையாகத் திரும்ப வந்து கடைசி வரியைப் படித்தது.

"என் மகள்..."

அதற்கு மேல் எழுத்து இல்லை. எல்லோரும் திரையிலிருந்து கண்ணை இறக்கி என்னைப் பார்த்தார்கள். ஆனால் இப்போது அந்த முகங்கள் வேறாக இருந்தன. என் பேச்சில் பாதியைப் பேசிக் கொடுத்தவர்கள். மகள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். மைக் வாயருகில் இருந்தது.

"எம் பொண்ணு," என்றேன். என் குரல் நாலு மூலைப் பெட்டியிலிருந்தும் வந்தது. நல்ல செட்டு அது. "எம் பொண்ணு கைக்கொயந்தையா இருக்கசொல்ல, ஃபங்சனுக்கு இட்டுகினு போவோம். ஸ்பீக்கர் பொட்டி மேல துணி போட்டுப் படுக்க வெப்போம். எவ்ளோ சத்தம் வெச்சாலும் தூங்கும். பாட்ட நிறுத்தினாதான் முயிச்சிகினு அயும்." மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "மாப்ள, பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க."

மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எதுவென்று தெரியவில்லை. கூட்டாளிக்கு அந்த நேரத்தில் பாட்டு அறை எப்படிக் கிடைத்ததோ! சத்தத்தை முழுதாக ஏற்றிவிட்டான். மேடையில் முதலில் ஆடத் தொடங்கியது சம்பந்தி. மனைவி என்னிடம் வந்து, "இன்னாய்யா, பேசத் தெரிஞ்சிகினே இத்தன வருசம் டபாய்ச்சிகினு இருந்தியா?" என்றாள்.

எல்லாம் முடிந்து ஒயர் சுற்றும்போது லேப்டாப்பைப் பார்த்தேன். என் எழுத்து திரைக்குப் போய்விட்டதால் நான் குடியிருந்த அறை மறுபடி காலியாகி, நீலமாக இருந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. போன மாதம் எண்ணூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"பொண்ணு கல்யாணமா?" என்றேன்.

தலையை ஆட்டினார். "எய்தி தெரையில போட்டா... ஜனமே படிச்சிருமாமே?" என்றார்.

"படிச்சிரும்."

"அந்தக் காத்தாடி லைனும் போடுவீங்களா?"

"போடலாம், உக்காருங்க."

லேப்டாப்பைத் திறந்து கடைசி அறைக்குப் போனேன். அவர் சொல்லச் சொல்ல, சொல்லாததையும் சேர்த்து அடித்தேன். கடைசியில் "என் மகள்" என்று அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பால?"

"அப்பால நீங்கதான்" என்றேன்.