பவுன் மெஷின் பார்க்கிறாள்

ப்ளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பவுன் எந்த மெஷினுக்கும் விலை கேட்பாள். புனே ரவிவார் பேட்டையில் மெஷின் விற்கும் கடையில் சேட்ஜி சாவி வெட்டும் கம்ப்யூட்டர் மெஷினை ஆசையாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். திரையில் எண்கள் மின்னும். பவுன் சுவரோரமாகக் குனிந்து ஒயரை உருவிவிடுவாள். மெஷின் கம்மென்று அடங்கிவிடும்.

"லைட் கயா. அப் க்யா கரேகா?" கரண்ட் போய்விட்டால் இது என்ன செய்யும் என்று இந்தியில் கேட்பாள். சேட்ஜி விழிப்பார். அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் சேர்த்துக்கொள்வாள்: "தொரை தூங்கிட்டாரு."

அவள் கவலை அவளுக்கு. ஆகுர்டி ஸ்டேஷனை ஒட்டிய அவளுடைய சாவி வெட்டும் பெட்டிக்கடைக்குப் பக்கத்து வடாபாவ் கடையிலிருந்துதான் மின்சாரம் வருகிறது. வியாபாரம் ஓய்ந்தால் அந்தக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். பவுனின் மெஷினும் நின்றுவிடும். வாடிக்கையாளருக்கு அவசரமென்றால், பவுன் தன் காசில் வடாபாவ் வாங்கித் தின்று அந்தக் கடையை மூடாமல் பார்த்துக்கொண்டதும் உண்டு.

இத்தனை நாளும் ஒரு சாவியைப் பார்த்து இன்னொரு சாவி வெட்டியே அவள் பிழைப்பு ஓடியது. அதற்குத்தான் ஹரீஷ் வந்து வேட்டு வைத்தான். கோயம்புத்தூர்ப் பையன். அவனுடைய ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, மேஜை இழுப்பறைச் சாவிகள் மொத்தமும் ஒரு சாக்கில் கட்டப்பட்டுப் பழைய இரும்போடு போய்விட்டன. இழுப்பறைகள் பூட்டியபடியே வந்து சேர்ந்தன.

"பூட்டு மேல நம்பர் இருக்குங்க்கா. அதை வெச்சுச் சாவி பண்ண முடியுமுங்களா? இல்லாட்டி மாசக் கடைசில எல்லாத்தையும் உடைச்சுப் போடறேங்கறாங்க."

"உடைக்கறதா? நல்லா இருக்கே நாயம்! நான் வந்து தொறக்கறேன், போங்க."

சொல்லிவிட்டாள். அந்த எண்ணைக் கொண்டு, சாவியில் எந்தெந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம். அது அவளுக்குத் தெரியும். அப்படி எண்ணை வைத்து வெட்டும் மெஷின்தான் அவளிடம் இல்லை.

மறுநாளிலிருந்து சேட்ஜி கடையே கதி. கம்ப்யூட்டர் மெஷினின் விலைக்குச் சாங்வியில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். அதனால் அவள் கண் மூலையில் இருந்த கை மெஷின் மேல் விழுந்தது. ஆழத்துக்கேற்ற எண்ணில் திருகு குமிழை வைத்து, கைப்பிடியை அழுத்தினால், நறுக்கென்று ஒரு கடி. மின்சாரமே வேண்டாம். பிடுங்க ப்ளக் இல்லாததே பவுனுக்கு முதலில் சந்தேகமாக இருந்தது.

வீட்டிலிருந்து வெட்டாத சாவிகளைச் சுருக்குப் பையில் கொண்டுவந்து, காட்சிக்கு வைத்திருந்த அந்தக் கை மெஷினில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வெட்டினாள். அளவுகோலை வைத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசியாக வெட்டிய விளிம்பை நாக்கு நுனியால் தடவினாள். "பிசிறு இருந்தா நாக்கு சொல்லிப்போடும்." சேட்ஜி முதலில் முகம் சுளித்தார், பிறகு டீ வரவழைத்தார், அதற்கும் பிறகு, சாப்பிடப் போகும்போது, "பவுன் தாயி, ஜரா தேக்னா" என்று கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

வந்தவர்கள் அவளைக் கடைக்காரி என்று நினைத்துக்கொண்டு விசாரித்தார்கள். பவுன் ஒவ்வொரு மெஷினின் குறையையும் ஒளிக்காமல் சொன்னாள். இது சூடாகும், அது இரண்டாவது மழைக்கே துருப்பிடிக்கும் என்று. இவ்வளவு நேர்மையான கடை புனேயில் இருக்கிறதா என்று மயங்கி அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். புகழ்ந்து புகழ்ந்து தன்னால் விற்க முடியாத சரக்கு, இவள் வைய வைய எப்படிப் போகிறதென்று சேட்ஜிக்கு விளங்கவே இல்லை.

அப்படி ஒரு மத்தியானம் விஷ்ராந்த்வாடியில் சாவிக்கடை வைத்திருக்கும் சேவியர் வந்தார். "அக்கா, நம்ம மாதிரி சின்ன கடைக்கு எது நல்லதுக்கா? உள்ளதச் சொல்லுங்க."

பவுனுக்குப் பொய் வராது. கை மெஷினைக் காட்டினாள். பெட்டி பிரிக்காமல் இருந்த கடைசி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஸ்கூட்டரில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டாள். ஸ்கூட்டர் திருப்பம் தாண்டிய பிறகுதான் நெஞ்சில் கை வைத்தாள். "அய்யய்யோ, எம்மெஷினு!"

அடுத்த சரக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றார், சாப்பிட்டுத் திரும்பிய சேட்ஜி. பவுன் நாற்காலியிலிருந்து எழவில்லை. ஹரீஷுக்கு என்ன பதில் சொல்வது? யாரோ கடப்பாரையோடு வரிசையாக இழுப்பறைகளை நெம்புவது கண் முன்னால் வந்து நின்றது.

சேட்ஜியின் பார்வை அவள் வெட்டிப் பழகிய காட்சி மெஷின் மேல் போயிற்று. கைப்பிடியில் பெயிண்டே இல்லை. பவுனின் உள்ளங்கை பட்டுப் பட்டு இரும்பு பளபளத்தது. இதைப் புதிதென்று இனி எவனிடம் விற்பது? தலையில் அடித்துக்கொண்டு, "செகண்ட் ஹேண்ட். ஆதா தாம். லே ஜாவ்!" என்றார்.

பாதி விலை! பவுன் முகம் மலரவில்லை. மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "பெஹ்லே வாலா கைசா சலாயா? முன்னாடி வெச்சிருந்தவங்க ஒழுங்கா ஓட்டுனவங்கதானா?"

சேட்ஜி அவளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். "பாகல் தி," என்றார். பைத்தியக்காரியாம். பவுன் இன்னொரு முறை வெட்டி, நாக்கில் தடவி, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்தாள்.

அடுத்த நாள் ஹரீஷின் ஆபீஸில், மெஷினைத் தரையில் வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எண்ணைப் படிப்பாள், அழுத்துவாள், எழுந்து பூட்டில் திருப்புவாள், சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அடுத்தவர் இழுப்பறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதாம். எத்தனை திறந்தாலும் சுவரைப் பார்த்தே நின்றாள்.

ஹரீஷுடைய முறை வந்தது. பூட்டு சுழன்றது. அவன் இழுத்ததுதான் தாமதம், ஆபீஸ் மாறிய அன்று உள்ளே மறந்துவிட்ட டிபன் பாக்ஸ் தயிர்சாதத்தின் வாடை கிளம்பியது. அந்த வரிசையே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடியது. யாரோ ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஹரீஷ் சட்டைக் காலரை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, "அக்கா, நீங்களும் வெளியில வந்துருங்க!" என்றான்.

பவுன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, அவன் சாவியை வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.