கறுப்புத் திரையில் இறங்கிய அக்காள்

கச்சால் தீவில் சுனாமி எங்கள் வீட்டோடு அக்காளின் ஒரே போட்டோவையும் கொண்டுபோனது. அவள் இலங்கையில், தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டவள். நான் கப்பலேறி இந்தப் பக்கம் வந்த பிறகு அவளை நேரில் பார்த்ததில்லை. சில வருடம் கழித்து, நாங்கள் தீவுத் தலைநகரில், ஜங்லிகாட்டில் குடியிருந்தபோது, அக்காளின் மகள் போன் செய்தாள். தோட்டத்துக் காமன் கூத்தை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். அதில் அம்மா முன்னால் நிற்கிறாளாம்.

என் மகன் பெண்டாட்டியின் போனில் திறந்தால் வட்டம்தான் சுற்றியது. அந்த நாளில் தீவில் நெட் அப்படி. வீடியோ வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் கடையில் இறக்கி, மெமரி கார்டில் வாங்கி வருவதுதான் எல்லோருக்கும் வழக்கம்.

கடைக்காரர் மதுரைப் பக்கத்து ஆள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். வெள்ளை எழுத்து சரசரவென்று ஓடியது. வீடியோவின் அளவுகள் வரிசையாக வந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆகச் சின்னதை இறக்கிக் கொடுத்தார். வீட்டில் போட்டால் தப்படிக்கும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. முகமெல்லாம் மழையில் நனைந்த கோலம்.

திரும்பப் போனேன்.

“முகம் எங்க?”

“அம்மா, நம்ம தீவு லைனுக்கு இதான் வரும். கூத்து தெரியுதுல்ல?”

“நான் கூத்து பாக்கவா கேட்டேன்? எங்க அக்காளக் கேட்டேன்.”

“அரே மாஜி, வயசானவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான இருப்பாங்க. அந்தா நிக்கிறாங்க பாருங்க, அவங்கதான்னு வெச்சுக்கங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அரிசியானாலும் காயானாலும், கப்பலில் அடிபட்டு மிஞ்சியதுதான் தீவுக்கு. அதற்குப் பழகிவிட்டோம். கூடப்பிறந்தவளையுமா குத்துமதிப்பாக வாங்கிக்கொள்வது?

“பெருசா இருக்கிறத இறக்குங்க. நான் இங்கயேதான் இருப்பேன்.” ஸ்டூலை இழுத்து வாசலை மறித்து உட்கார்ந்தேன்.

“நாள் பூரா ஆகும். நடுவுல லைன் போயிரும்மா.”

“போனா வரும். கப்பலுக்கே காத்துக் கெடந்தவ நான்.”

மழை வந்தது, லைன் போனது. மழை விட்டதும் அவர் அதே வரியைத் திரும்பத் தட்டினார்; விட்ட இடத்திலிருந்தே ஓட ஆரம்பித்தது. அந்தக் கறுப்புத் திரைக்கு இருக்கும் பொறுப்பு இந்த மனுசனுக்கு இல்லையே என்று அவர் காதுபடவே சொன்னேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முகம் வந்தது. அக்காள்! தப்படிக்கிறவனை விரல் நீட்டி அதட்டிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மா, அப்பிடியே ஒங்கள மாதிரி இருக்காங்க.”

“எல்லாரும் ஒரே மாதிரின்னீங்களே, இப்ப மட்டும் தெரியுதா?” என்றேன். “அவ மூத்தவ. நான்தான் அவள மாதிரி.”